உணவக விமர்சனத்தை நம்பலாமா என்று பார்ப்பது எப்படி?

முதலில் நட்சத்திரங்களை விடுங்கள், பில்லை யார் கட்டினார்கள் என்று தேடுங்கள். "உணவகத்தின் அழைப்பின் பேரில் சென்றோம்" என்பது பெரும்பாலும் கடைசி வரியில், கண்ணில் படாத மாதிரி இருக்கும். ஓசியில் சாப்பிட்டவர் பொய்தான் சொல்வார் என்றில்லை, ஆனால் அவருக்குப் பார்த்துப் பார்த்து வைத்த தட்டு உங்கள் மேசைக்கும் வருமா? உலகெங்கும் உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிச்லின் கையேட்டின் ஆய்வாளர்கள் தாங்கள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய், பில்லை முழுசாகக் கட்டிவிட்டு வருவது இதற்காகத்தான்.

அப்புறம் வர்ணனை. "வேற லெவல் சுவை" என்பதில் ஒரு தகவலும் இல்லை. "சூடாகத்தான் வந்தது, உப்பு கொஞ்சம் தூக்கல், தண்ணீரை மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது" என்று எழுதுகிறவர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

எனக்குத் தெரிந்து உருப்படியான சோதனை இதுதான்: நீங்கள் அடிக்கடி போகும், உள்ளும் புறமும் தெரிந்த ஒரு கடையைப் பற்றி அதே ஆள் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். உங்களுக்குப் பிடிக்காததை அவர் புகழ்ந்திருந்தாலும் பரவாயில்லை, காரணம் சொல்லியிருந்தால் அவருடைய நாக்கு எப்படிப்பட்டது என்று பிடிபட்டுவிடும், அடுத்த முறை அதற்கேற்பக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். எல்லாக் கடையுமே அருமை என்கிறாரா? நகர்ந்துவிடுங்கள்.

தேதியையும் பாருங்கள். சமையல்காரர் மாறிவிட்டால் பழைய விமர்சனம் வேறொரு கடையைப் பற்றியது.