லட்சம் கிலோமீட்டர் சர்வீஸுக்குப் பணம் ஒதுக்கும்போது எங்கே தப்புகிறது?

கார் லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது பலரும் போடும் கணக்கு இதுதான்: போன தடவை ஆறாயிரம் ஆச்சு, இந்தத் தடவை எட்டாயிரம் எடுத்து வைப்போம். காலையில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வண்டியை விட்டுவிட்டு வந்தால், மத்தியானம் முப்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் வருகிறது. உடனே மெக்கானிக் மேல் சந்தேகம். பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை. போன பில் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் கொடுத்தது. இது தேய்ந்துபோன பாகங்களுக்கு. போன பில்லை வைத்து இந்தச் செலவைக் கணிக்கவே முடியாது.

முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க மட்டும் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்கலாம். அந்தப் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்புறம் பணம் ஒதுக்குங்கள். வேலை நடக்கும்போது போனில் "இதையும் மாத்திடலாமா சார்?" என்று கேட்க, அவசரத்தில் சரி சொல்வதில்தான் பட்ஜெட் கைமீறுகிறது.

இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். நம் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று தெரியாமல் இருப்பது அடுத்த தவறு. மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜினிலும், பழைய ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசலிலும் செயின். பழைய டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலிலும், பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலிலும் பெல்ட். செயினில் சத்தம் வராதவரை பொதுவாகக் கை வைக்க வேண்டியதில்லை. பெல்ட் அப்படியில்லை. எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வருஷத்தில் மாற்ற வேண்டும் என்று மேனுவலில் பாருங்கள். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் இங்கே எத்தனையோ வீட்டு முற்றத்தில் கவர் போட்டு நிற்கின்றன. "ஓடவே இல்லையே" என்பார்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்குப் பழைய பில் இல்லையென்றால், பெல்ட் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டை மட்டும் மாற்றி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பழையதாகவே விடுவதும் லாபமில்லை. அந்தப் பெல்ட்டிலேயே வாட்டர் பம்பும் சுற்றுகிறது என்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். நாளைக்கு அது ஒழுகினால் அதே லேபரை மறுபடியும் கொடுக்க வேண்டும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று தனிச்செலவு. போதாததற்கு நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழை. பிரேக் பைப், சைலன்சர், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்கள் எல்லாம் துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அண்டர்பாடி கோட்டிங் அடிப்பது வீண்செலவு. உள்ளே அது அரித்துக்கொண்டேதான் இருக்கும். ஆர்.சி.யில் இருக்கும் தேதியையும் பாருங்கள். 15 வருஷம் முடியப்போகும் வண்டி என்றால் புதுப்பிக்கும் கட்டணமும், அதற்கு முன் துருவைச் சரிசெய்யும் செலவும் இதோடு சேரும். அதையெல்லாம் கூட்டினால் வண்டி விலையில் பாதியைத் தொடுகிறதா? அப்படியென்றால் விற்றுவிடுவதையும் யோசிக்கலாம்.

எதை முதலில் செய்வது என்பதிலும் பணம் போகும். புது டயர் போட்டுவிட்டு, ஆறு மாசம் கழித்து லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர்) மாற்றுகிறவர்கள் உண்டு. அதற்குள் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். புஷ், அப்புறம் டயர், கடைசியில் வீல் அலைன்மென்ட். சீட் கவரும் பாலிஷும் அதற்கெல்லாம் பிறகு. இன்ஜின் ஃப்ளஷ், ஏசி ஸ்ப்ரே மாதிரி பில்லில் ஏறிக்கொள்ளும் சில்லறை ஐட்டங்களைத் தைரியமாக வேண்டாம் என்று சொல்லலாம். பிரேக் ஆயிலையும் கூலன்ட்டையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அதனால் பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எஸ்டிமேட் வாங்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேளுங்கள். லேபருக்கு 18 சதவீதம். முன்பு பெரும்பாலான ஸ்பேர்களுக்கு 28 இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. வரி சேர்க்காத 30,000 ரூபாய், பில்லில் 35,400. திறந்த பிறகுதான் தெரியும் கோளாறுகளுக்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கையில் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் டிசம்பரில்தான் வண்டியைத் தூசி தட்டி எடுப்பார்கள், ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைக்காது. தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் ஸ்பேரை ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். செப்டம்பரிலேயே லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டால், பணம் சேர்க்கவும் ஸ்பேர் வந்து சேரவும் நாள் இருக்கும்.