டை தேய்ந்தால் ஃபர்னஸையும் பாருங்கள்

கோவையில் கணபதி, குறிச்சி பக்கத்து ஃபோர்ஜிங் பட்டறைகளில், அதாவது காய்ச்சிய இரும்பை ஹேமரால் அடித்து உருவாக்கும் இடங்களில், டை (உருவம் தரும் அச்சு) சீக்கிரம் தேய்ந்துவிட்டால் முதல் திட்டு டை ஸ்டீலுக்கு, அடுத்தது வழுக்கலுக்காக டையில் அடிக்கும் கிராஃபைட்டைக் கொடுத்தவருக்கு. இரும்பைச் சூடாக்கும் ஃபர்னஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்கேல் (சூட்டில் இரும்பின்மேல் படியும் ஆக்சைடுச் செதில்) என்பது ஃபர்னஸ்காரர் பாடு, உராய்வு என்பது ஹேமர்காரர் பாடு என்று பிரித்துவைத்திருப்பதுதான் பெரிய தவறு. டைக்கும் இரும்புக்கும் நடுவே சிக்கி உரசுவது அந்த ஸ்கேல்தானே?

570 டிகிரிக்கு மேல் சூடாகும் இரும்பில் ஸ்கேல் மூன்று அடுக்காகக் கட்டும். இரும்பை ஒட்டி வூஸ்டைட், அதன்மேல் மேக்னடைட், வெளியே மெல்லிசாக ஹெமடைட்; மூன்றும் இரும்பு ஆக்சைடு வகைகள். பெரும்பகுதி வூஸ்டைட்தான். சூட்டில் அது ஓரளவு மெத்தென்று இருக்கும். மற்ற இரண்டும் கடினம். ஆறியதும் எல்லாம் நொறுங்கித் தூளாகும். அந்தத் தூள் டைக்குள் தங்கினால் ஒவ்வொரு அடியும் சாணை பிடிப்பது மாதிரிதான்.

கரண்ட் போனாலோ, சாப்பாட்டு நேரமானாலோ 1200 டிகிரியில் பில்லெட்டை (அடிக்க வைத்திருக்கும் இரும்புத் துண்டை) அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஸ்கேல் நேரத்தோடு வளர்கிறது, சூட்டோடு அதைவிட வேகமாக வளர்கிறது. நிறுத்தம் நீளும் என்று தெரிந்தால் பர்னரைக் குறைத்து 900க்குக் கீழே கொண்டுவருவது நல்லது. கதவு இடுக்கிலும் காற்று புகாமல் அடைத்துவிடுங்கள். அதற்காகக் கரும்புகை வரும் அளவுக்குக் காற்றைக் குறைக்கக் கூடாது. எரிபொருள் வீண், கார்பன் மோனாக்சைடு வேறு. இரும்பிலிருந்து பொறி பறக்கும் அளவுக்குச் சூடேற்றிவிட்டால் அந்தத் துண்டு ஸ்கிராப்தான். எந்த ஹீட் ட்ரீட்மென்ட்டும் அதை மீட்காது.

நாமக்கல், சங்ககிரி லாரிகளின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டைகளில் பல சிலிக்கான் சேர்ந்த ஸ்டீல். சுமார் 1170 டிகிரியைத் தாண்டினால் சிலிக்கானும் இரும்பு ஆக்சைடும் கூடி உருகி, ஸ்கேல் பசைபோல ஒட்டிக்கொள்ளும். கம்பி பிரஷ் போட்டாலும் வராது. வெள்ளைச் சூட்டுக்கு விடாமல் ஆரஞ்சு நிறத்தில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, உலையில் அதிக நேரம் கிடந்த பட்டையின் மேல்தோலில் கார்பன் எரிந்துபோகும். தோய்ச்சல் போட்ட (சூட்டோடு முக்கிக் கடினமாக்கிய) பிறகும் வாய் மழுங்குவதற்கு ஆள்கள் தண்ணீரையும் எண்ணெயையும் குறை சொல்வார்கள். அந்தத் தோலைச் சாணையில் எடுத்துவிட்டுத்தான் வாய் பிடிக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்புவோம். டையில் கிடக்கும் ஸ்கேலின் மேலேயே கிராஃபைட் அடிப்பது தினசரி பார்க்கிற காட்சி. கிராஃபைட்டும் தூளும் குழைந்து டை மூலையில் இறுகும், உருவம் நிரம்பாது. அப்போது அடியைக் கூட்டுவார்கள், தேய்மானமும் கூடும். முதல் அடியை லேசாகத் தட்டி ஸ்கேலை உதிர்த்து, கீழ் டையைக் காற்றால் ஊதிவிட்டு, அப்புறம் ஸ்ப்ரே. ஊதும்போது கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது.

டை சூடும் முக்கியம். தண்ணீரில் கலந்த கிராஃபைட்டுக்குப் பொதுவாக 150 முதல் 300 டிகிரி தோது. குறைந்தால் நீர் காயாமல் தேங்கும். மிகவும் கூடினால் துளிகள் ஒட்டாமல் உருண்டோடும், கிராஃபைட் படியாது. டை தகதகக்கும்போது இன்னும் கொஞ்சம் ஊற்று என்பது பயனில்லாத யோசனை.

எது வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் 6:3:2 விகிதத்தில் ஒரு வளையம் கடைந்து, சூடாக்கி, தட்டை டைகளுக்கு நடுவே பாதி உயரத்துக்கு நசுக்குங்கள். உராய்வு அதிகமென்றால் நடு ஓட்டை சுருங்கும், குறைவென்றால் விரியும். ஸ்கேல் உதிர்த்த வளையம் ஒன்று, உதிர்க்காதது ஒன்று என்று இரண்டையும் நசுக்கி, ஓட்டைகளை வெர்னியரில் அளந்துபாருங்கள்.