ஆம்புலன்ஸ் கேஸ் ஷீட்: அனுபவம் ஏறினாலும் விடாத தவறுகள்

ஆம்புலன்ஸில் ஏற்றும் நோயாளியைப் பற்றி நாம் எழுதி மருத்துவமனையில் கொடுக்கும் பதிவுத் தாள்தான் கேஸ் ஷீட். அதில் கையெழுத்து புரியவில்லை, வயதை எழுத மறந்தாயிற்று என்பதெல்லாம் பத்து ஷிஃப்ட் பார்த்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

பக்கவாதம் 'தொடங்கிய' நேரம்

புதிதாகச் சேர்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதும், பார்க்கும்போதெல்லாம் எரிச்சலைக் கிளப்புவதும் இதுதான்.

அப்பா கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார். வாய் கோணியிருக்கிறது, வலது கையைத் தூக்க முடியவில்லை. "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்று கேட்டால் மகன் "ஆறரைக்கு சார்" என்கிறார். ஷீட்டில் 'தொடக்கம் 6:30' என்று ஏறிவிடுகிறது. ஆறரை என்பது மகன் பார்த்த நேரம். அவ்வளவுதான்! மருத்துவமனைக்கு வேண்டியது, அவர் வழக்கம்போல நலமாக இருந்ததை யாராவது கடைசியாக அறிந்த நேரம். முந்தைய இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால், எட்டரை மணி நேரம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு 4.5 மணி நேரம். ஷீட்டில் உள்ள 6:30-ஐ நம்பி ஊசி போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் அபாயம் கூடும். இந்தத் தவறு மறுபக்கமும் வெட்டும். அவர் 5:45-க்கு எழுந்து கழிவறைக்குப் போய்வந்து மனைவியிடம் நன்றாகவே பேசியிருக்கலாம். அதை விசாரிக்காமல் இரவு 10 மணி என்று எழுதினால், கிடைக்க வேண்டிய ஊசி கைநழுவும். 'நேரம் தாண்டிவிட்டது' என்று நாமே தீர்ப்பெழுதி மெதுவாகப் போவதும் தப்பு. தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் வழியே எடுக்கிறார்கள்.

'எப்போது ஆரம்பித்தது?' என்று கேட்கவே கேட்காதீர்கள். கடைசியாக யார் பேசினீர்கள், அப்போது பேச்சும் நடையும் சரியாக இருந்ததா, இரவில் எழுந்தாரா, போனில் யாரிடமாவது பேசினாரா என்று கேளுங்கள். கைபேசியின் அழைப்புப் பட்டியலே சில நேரம் விடை சொல்லும். பிறகு இரண்டு தனி வரி:

கடைசியாக நலம் – 05:45, மனைவி.
இந்நிலையில் கண்டது – 06:30, மகன்.

கூடவே அந்த மனைவியின் கைபேசி எண். அவரையே வண்டியில் ஏற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. ரத்தச் சர்க்கரையை எடுத்த நேரத்தோடு எழுதுங்கள். சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் போலவே காட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால், மாத்திரையின் பெயரும் கடைசி வேளை எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். 'காலையில்' என்பது நேரமே அல்ல.

ஒரே வண்டியில் மூன்று கடிகாரம்

இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர், கைக்கடிகாரம், கட்டுப்பாட்டு அறை என மூன்றும் மூன்று நேரம் காட்டும். மானிட்டர் 4 நிமிடம் முந்தி ஓடினால், 10:10-க்கு இதயத்துக்குக் கொடுத்த மின் ஷாக் 10:14 என்று பதிவாகும். கைக்கடிகாரம் பார்த்து எழுதிய அட்ரினலின் 10:12-இல் நிற்கும். ஷாக்குக்கு முன்பே மருந்து கொடுத்ததாகக் காகிதம் சாட்சி சொல்லும். ஷிஃப்ட் தொடக்கத்தில் மானிட்டர் நேரத்தைக் கட்டுப்பாட்டு அறையோடு ஒப்பிடுங்கள். மாற்ற முடியாவிட்டால், எத்தனை நிமிட வித்தியாசம் என்பதையாவது ஷீட்டில் குறியுங்கள்.

'ஜிசிஎஸ் 9'

கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவு நிலையை அளப்பதுதான் ஜிசிஎஸ். எந்த 9? கண் 2, பேச்சு 2, அசைவு 5 கூட்டினாலும் 9. கண் 4, பேச்சு 1, அசைவு 4 கூட்டினாலும் 9. இருவரும் வேறு வேறு நோயாளிகள். பிரித்தே எழுதுங்கள்.

'வைட்டல்ஸ் நார்மல்'

நாடி, ரத்த அழுத்தம், மூச்சு: எண் எங்கே?

ஒயிட்னர்

கூடாது. தவறான சொல்லின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியான சொல், கையொப்பம், நேரம்.

வயர்லெஸ்

தவறு ஷீட்டில் மட்டுமல்ல, வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லும்போதும் வரும். பொத்தானை அழுத்தியதும் ஒரு வினாடி பொறுத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் போய்ச் சேராது. அது பரவலாகத் தெரிந்ததுதான். கடைசிச் சொல்லைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தமிழில் 'இல்லை' வாக்கியத்தின் கோடியில் வருகிறது. பேசி முடிக்குமுன் விரலை எடுத்துவிட்டால், 'நினைவு இல்லை' என்று நீங்கள் சொன்னது மறுமுனையில் வெறும் 'நினைவு'. இருபதும் அறுபதும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால் 'பல்ஸ் அறுபது, ஆறு ஜீரோ' என்று இலக்கமாகவும் சொல்லுங்கள். மறுமுனை அதைத் திருப்பிச் சொல்லும்வரை வயர்லெஸ்ஸிலிருந்து கவனத்தை எடுக்காதீர்கள்.