காலியான பேட்டரியைக் காலியாகவே எடுத்து வைக்காதீர்கள்

சென்ற வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் டிரில்லின் விசையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தான். பேட்டரி இறங்கி, டிரில் தானாகவே நின்றுபோயிருந்தது. இரண்டு நொடி பொறுத்து மறுபடி அழுத்துவான், அது அரைச் சுற்று சுற்றி நிற்கும். திரும்பவும் அழுத்துவான். ஏன்டா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்னு சொன்னாங்கண்ணே" என்றான். தொழிலுக்கு வந்த புதிதில் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அந்த நம்பிக்கையில் எனக்கு நான்கு பேட்டரிகள் போயின.

தண்ணீரில் நனைக்காதே, நெருப்பில் போடாதே என்பதெல்லாம் பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்கள்கூடச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஏ.ஹெச் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது

18 வோல்ட் லித்தியம் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறும்போது ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தொடும், மொத்தம் 21. இதனால்தான் சில கம்பெனிகள் இதே பேட்டரியை '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதி விற்கின்றன. 18-ஐ விட 20 பலமானது என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஏ.ஹெச் (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) என்பது எவ்வளவு நேரம் ஓடும் என்பதை மட்டும் சொல்லும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். செல்களின் எண்ணிக்கையும் அதற்குள் இருக்கிறது. 2 ஏ.ஹெச் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்தே செல்கள். 4 அல்லது 5 ஏ.ஹெச் பேட்டரியில் பத்து, இரண்டு இரண்டாகச் சேர்த்து. ஐந்து செல் பேட்டரியை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டினால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் ஒவ்வொரு செல்லும் தனியாகத் தாங்க வேண்டும். பத்து செல் என்றால் அந்தச் சுமை பாதியாகும். சின்ன பேட்டரியில் கிரைண்டர் மந்தமாகச் சுற்றுவதும், பேட்டரி சீக்கிரம் கொதிப்பதும் இதனால்தான். தலைக்கு மேலே கையைத் தூக்கி ஸ்க்ரூ ஏற்றும் வேலைக்குச் சின்ன பேட்டரிதான் சுகம். கிரைண்டருக்கும் ரம்பத்துக்கும் பெரியதை எடுங்கள்.

போலிகளையும் இந்தக் கணக்கை வைத்தே பிடிக்கலாம். 18650 என்ற செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அந்த அளவில் வரும் நல்ல செல்லே 3.5 ஏ.ஹெச் அளவோடு நின்றுவிடும். மின்கருவிகளுக்கு ஏற்றபடி அதிக மின்சாரம் கொடுக்கும் செல் என்றால் 2.5, 3 தான். செல்களை வரிசையாக இணைத்தால் வோல்ட்தான் கூடும், ஏ.ஹெச் ஒரு செல்லின் அளவேதான். அப்படியிருக்க, ஐந்து 18650 செல் மட்டுமே பிடிக்கக்கூடிய மெல்லிய பெட்டியில் '6 ஏ.ஹெச்' என்று அச்சடித்திருந்தால் அது பொய். சந்தேகம் வந்தால் தராசில் வையுங்கள். ஒரு செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். பத்து செல் இருப்பதாகச் சொல்லும் பேட்டரி, பெட்டியோடு சேர்த்து 400 கிராம்கூட இல்லையென்றால் வாங்காதீர்கள்.

முழுசா காலி செய்வது, அப்படியே எடுத்து வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒவ்வொரு புதியவனுக்கும் யாரோ ஒருவர் இந்த அறிவுரையைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இதன் வேர் நிக்கல் காட்மியம் காலத்தில் இருக்கிறது. அந்த பேட்டரிகளைப் பாதியில் பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே வந்தால், முழுச் சக்தியையும் கொடுக்காமல் முன்னதாகவே தளர்ந்துவிடும் என்ற பேச்சு உண்டு. நினைவு விளைவு என்பார்கள். அதற்காகத்தான் அவ்வப்போது இறக்கிவிட்டுச் சார்ஜ் போடச் சொன்னார்கள். அப்போதும்கூட, கருவி மந்தமானதும் நிறுத்திவிட வேண்டும். உயிர் போகும்வரை ஓட்டினால், வரிசையில் இருக்கும் பலவீனமான செல் முதலில் பூஜ்யத்துக்கு வந்து, மற்ற செல்கள் தள்ளும் மின்சாரத்தால் எதிர்த்திசையில் ஏறத் தொடங்கும். ஆக, அந்தக் காலத்துக்கே இது பாதி சரியான அறிவுரை. 2005 வாக்கில் மின்கருவிகளுக்குள் லித்தியம் வந்துவிட்டது. லித்தியத்துக்கு நினைவு விளைவு என்ற கவலையே வேண்டாம். அறிவுரை மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

லித்தியம் செல் 3 வோல்ட்டுக்கு வரும்போதே உள்ளே மிச்சம் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. 2.5-க்குக் கீழே போனால் ஆபத்து. அதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சர்க்யூட் இருக்கிறது; டிரில் சட்டென்று நிற்பது அதன் வேலை. நின்ற பிறகு என்ன ஆகிறது? சுமை நீங்கியதால் வோல்ட்டேஜ் கொஞ்சம் மேலே வருகிறது. மறுபடி அழுத்தினால் அரைச் சுற்று கிடைக்கிறது. அந்த ஒவ்வொரு அரைச் சுற்றும் ஐந்து செல்களில் எது பலவீனமோ அதை இன்னும் கீழே தள்ளுகிறது.

இதற்குப் பிறகு சார்ஜ் போட்டுவிட்டால்கூடப் பெரிய சேதம் இருக்காது. நான் போடவில்லை. ஒரு பெரிய மர வேலை முடிந்த அன்று நான்கு பேட்டரிகளையும் கடைசிச் சொட்டு வரை ஓட்டி, "காலியா இருந்தா பேட்டரிக்கு நல்லது" என்று பெட்டிக்குள் போட்டு மூடினேன். அப்புறம் வேறு வேலை வந்து, பெட்டியைத் திறக்க ஆறு மாதம் ஆகிவிட்டது. பேட்டரி சும்மா கிடந்தாலும் தானாகக் கொஞ்சம் இறங்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் கொஞ்சம் தின்னும். நிறைந்த பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காலியான பேட்டரிக்கு அதுவே எமன்.

சார்ஜரில் வைத்ததும் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டியது. நான்குக்கும் அதே கதை. சார்ஜர்தான் போய்விட்டது என்று நினைத்துப் புது சார்ஜர் வாங்கினேன். அதிலும் அதே சிமிட்டல். கடைசியில் ஒன்றைத் திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மூன்று செல்கள் 2.9 வோல்ட் பக்கம் இருந்தன, ஒன்று 2.1, இன்னொன்று 1.1.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீங்கள் செய்யவே கூடாது. நல்ல பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி, அதிலிருந்து இரண்டு வயர் போட்டுச் செத்த பேட்டரிக்குள் கொஞ்சம் ஏற்றினேன். வோல்ட்டேஜ் மேலே வந்ததும் சார்ஜர் ஏமாந்து அதை ஏற்றுக்கொண்டது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, சார்ஜில் இருந்த அந்த பேட்டரியைக் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. கனத்த கையுறை போட்டு எடுத்து, வெளியே வெறும் மண்ணில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் மரத்தூள் நிறைந்த அந்த அறையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை இன்றும் யோசிப்பதுண்டு.

சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. செல்லின் மைனஸ் முனையில் இருப்பது மெல்லிய செப்புத் தகடு. வோல்ட்டேஜ் மிகவும் கீழே போய் அப்படியே கிடந்தால் அந்தச் செம்பு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது, கரைந்த செம்பு உள்ளே கண்ட இடத்தில் படிந்து செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சிமிட்டும் விளக்கு சார்ஜரின் கோளாறாக இருக்கலாம். ஆனால் வேறு நல்ல பேட்டரியை அதே சார்ஜர் ஏற்றுக்கொண்டால், செத்தது பேட்டரிதான். வயர் போட்டு எழுப்ப வேண்டாம்.

சரி, எப்படி வைப்பது? கருவி மந்தமானால், அல்லது பேட்டரியின் மேல் சார்ஜ் அளவு காட்டும் விளக்குகளில் ஒரே ஒன்று மிச்சமிருந்தால், கழற்றிச் சார்ஜில் போடுங்கள். பாதியில் போட்டாலும் தவறில்லை, லித்தியத்துக்கு அதுதான் இதம். வாரக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் 40 முதல் 50 சதவீதம், அதாவது நான்கு விளக்கில் இரண்டு எரியும் நிலையில், கருவியிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கை அழுத்திப் பாருங்கள்.

சூடு ஆறுவதற்குள் சார்ஜ் போடுவது

கிரைண்டரிலிருந்து கழற்றிய கையோடு சார்ஜரில் செருகுவது பலருக்கும் பழக்கம். சூடு செல்லை வேகமாகக் கிழடாக்கும். நல்ல சார்ஜர்கள் பேட்டரி ஆறும்வரை காத்திருக்கும், சில விசிறி வைத்து ஆற்றும். மலிவாகக் கிடைக்கும் மாற்றுச் சார்ஜர்கள் எல்லாவற்றிலும் இந்தக் காவல் இருக்கும் என்று நம்ப முடியாது. அரை மணி நேரம் நிழலில் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் விடாதீர்கள்.

அதிகக் குளிரும் கெடுதல்தான். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம், செல்லுக்குள் உலோகமாகப் படிந்துவிடும். அந்த இழப்பு திரும்ப வராது.

ஒரு கம்பெனி பேட்டரியை அடாப்டர் போட்டு இன்னொரு கருவியில் மாட்டுவது

முன்பு சொன்ன அந்தத் துண்டிக்கும் சர்க்யூட்டைச் சில கம்பெனிகள் பேட்டரிக்குள் வைக்கின்றன, சில கம்பெனிகள் கருவிக்குள். கருவிக்குள் காவலை வைத்திருக்கும் கம்பெனியின் பேட்டரியை, பேட்டரிக்குள் காவலை எதிர்பார்க்கும் கருவியில் மாட்டினால் இரண்டு பக்கமும் காவல் இல்லை. கருவி நிற்காது, பேட்டரி பூஜ்யம் வரை போகும். முதல் கருவி வாங்கும்போதே எந்த வரிசை பேட்டரி என்று முடிவு செய்துவிட்டால் அடாப்டர் தேவைப்படாது.

ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் பெட்டியில் போடுவது

ஆணி பட்டு ஷார்ட் ஆகாமல் இருக்க, முனைகளுக்கு மூடி போட்டு வையுங்கள்.

பின்னால் உதவும் என்று நிறைய வாங்கி வைப்பது

பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரிக்கு வயதாகும். தேவைக்கு மேல் ஒன்று போதும். வாங்கிய மாதத்தையும் ஒரு எண்ணையும் மார்க்கரால் எழுதி, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எது முதலில் தளர்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

உப்பிய பேட்டரி, வெடிப்பு விட்ட பேட்டரி

இனி சார்ஜ் போடவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, குப்பையில் சேர்க்காமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.