அனெக்ஸ் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

இங்கிலாந்தில் அம்மா அப்பாவுக்காகத் தோட்டத்தில் அனெக்ஸ், அதாவது பெரிய வீட்டைச் சார்ந்த ஒரு சின்னக் குடியிருப்பு, கட்ட நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி, உள்ளே யாராவது குடியிருக்கப் போகிறார்களா என்பது.

பிளானிங் பெர்மிஷன் (உள்ளூர் கவுன்சில் தரும் கட்டட அனுமதி) கேட்காமலே கட்டிக்கொள்ள 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்று ஒரு உரிமை இருக்கிறது. ஒரே தளம், வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக்கூடாது, முதலில் கட்டியபடி இருந்த வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்கள் அடைக்கக்கூடாது. வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரமே 2.5 மீட்டர்தான். தரை சரிவாக இருந்தால், கட்டடத்தை ஒட்டிய மேட்டுப் பக்கத்தில் டேப்பை வைத்து அளக்க வேண்டும், பள்ளத்துப் பக்கத்தில் இல்லை.

ஆனால் இந்த உரிமை ஜிம், வேலை செய்யும் அறை, சாமான் அறை போன்றவற்றுக்குத்தான். படுக்கை, குளியலறை, சமையல் மேடை எல்லாம் போட்டு ஒருவர் அங்கேயே வாழப்போகிறார் என்றால் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் இது பொருந்தாது, விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். 'கார்டன் ரூம்' என்று சொல்லிக் கட்டிவிட்டு அப்புறம் கட்டிலைக் கொண்டுபோய்ப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நாலு வருஷம் தாண்டினால் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் பழைய கதை. 2024 ஏப்ரல் 25 அன்றோ அதற்குப் பிறகோ கட்டி முடித்தவற்றுக்கு அந்தக் கெடு 10 வருஷம், மறைத்துக் கட்டியது தெரிந்தால் அதுவும் கைகொடுக்காது.

விண்ணப்பத்தில் உண்மையை விவரமாக எழுதுங்கள்: யார் இருக்கப் போகிறார்கள், எந்த வேளைச் சாப்பாடு பெரிய வீட்டில், வாசல், தோட்டம், மின்சாரம் எல்லாம் பொதுவா என்று. அனெக்ஸ் உங்கள் வீட்டைச் சார்ந்தே இருக்கும், தனி வீடாக வாடகைக்குப் போகாது என்று கவுன்சிலுக்குப் புரிய வேண்டும். பெரும்பாலும் அதையே நிபந்தனையாகவும் போடுவார்கள். சாதாரணமாக முடிவு வர 8 வாரம்.

கன்சர்வேஷன் ஏரியா (பழமை கெடாமல் பாதுகாக்கும் பகுதி), லிஸ்டட் பில்டிங் (அரசு பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம்) என்றால் விதிகள் இன்னும் இறுக்கம். ஃப்ளாட்டுக்கு அந்தப் பெர்மிட்டட் டெவலப்மென்ட் உரிமையே கிடையாது.

பிளானிங் பெர்மிஷன் வந்தாலும் பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டடம் பாதுகாப்பாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்கும் விதிகள், வேறு. ஆள் தூங்கும் கட்டடம் என்றால் எவ்வளவு சிறியதானாலும் அந்த அனுமதி வேண்டும், அதனால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அதற்கும் எழுதிப் போட்டுவிடுங்கள்.