காசு கட்டி இளைப்பதா, கலோரி எழுதி இளைப்பதா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் மூவாயிரம் ரூபாய் கட்டி ஒரு கோச்சிடம் சேரலாமா, இல்லை இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு நாமே கலோரி எழுதிவரலாமா? இந்தக் கேள்வி வந்ததும் பெரும்பாலானவர்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் மூவாயிரம், இன்னொரு பக்கம் பூஜ்யம். ஆனால் இரண்டு இடத்திலும் கிடைப்பது ஒரே பொருள் இல்லை. மற்ற தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

காசு வாங்குபவர்களிடம் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு டயட் இருக்கிறது என்று நம்புகிறோம். வெயிட் வாட்சர்ஸ் என்ற அமெரிக்க எடைக் குறைப்பு நிறுவனம் பிறந்த கதையைப் பாருங்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி, 1961-இல் நகரச் சுகாதாரத் துறை ஆதரவில் நடந்த இலவச கிளினிக்குக்குப் போனார். என்ன சாப்பிட வேண்டும் என்று அங்கேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தனியாக அதைப் பின்பற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, யார் என்ன ஒளித்துத் தின்றோம் என்று மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். 1963-இல் அந்தக் கூட்டம் நிறுவனமானது. டயட் அவருக்குச் சும்மா கிடைத்தது. அவர் விலைக்கு விற்றது வாராவாரம் கூடிப் பேசும் அந்தக் கூட்டத்தை.

இன்றைக்கும் நிலைமை அதேதான். எந்த உணவில் என்ன இருக்கிறது என்பது ரகசியமே இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 இந்திய உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கை அட்டவணையாகவே வெளியிட்டிருக்கிறது. மூவாயிரம் கொடுத்து நாம் வாங்குவது, 'நேற்று ராத்திரி ஏன் எழுதவில்லை?' என்று கேட்க ஒரு ஆளை. அந்த ஆள் நமக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

சிலருக்குத் தேவை, சந்தேகமே இல்லை. 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் சேர்த்து 772 பேர். பாதிப் பேரை மருத்துவர்கள் வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை. ஒரு வருடத்தில் முதல் பிரிவு சராசரியாக 5 கிலோ குறைந்தது, இரண்டாவது 2.25 கிலோ. வித்தியாசம் கணிசமானதுதான். ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வெயிட் வாட்சர்ஸ். கூட்டத்துக்குப் போனவர்களிடம் கட்டணம் வாங்கவும் இல்லை. கைக்காசு போட்டால் ஒழுங்காகப் போவோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது.

இலவசப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். 2014-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் தங்களிடம் வந்த 212 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பாதிக்கு மைஃபிட்னஸ்பால் என்ற இலவசக் கலோரிச் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், செயலி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் எடையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. காரணம் எளிது: முதல் மாதத்துக்கு அப்புறம் பெரும்பாலானவர்கள் அதை அரிதாகத்தான் திறந்தார்கள். விடாமல் எழுதினால் பலன் தெரியும் என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே விலையை ஒப்பிடுவதைவிட, ஆறாவது மாதத்தில் எதை நாம் இன்னும் செய்துகொண்டிருப்போம் என்று யோசிப்பது மேல்.

இதற்கு ஊகம் வேண்டாம். இரண்டு வாரம் இலவசமாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலான நாள்கள் நிரம்பியிருந்தால் கோச்சுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஐந்தாம் நாளே நின்றுபோனால் ஆள் தேவைப்படுகிறது. அப்போதும் காசு கட்டுவது ஆளுக்காக இருக்கட்டும். செயலியின் பிரீமியம் திட்டத்தை வாங்கினால் இன்னும் நாலு வரைபடம் வரும். எழுதாதவரை எழுதவைக்க அது உதவாது.

எழுதுவதிலேயே நடக்கும் கோளாறுகள்

'எல்லாம் கரெக்டாகத்தான் எழுதினேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை, இலவச ஆப் எல்லாம் வேஸ்ட்' என்று சொல்பவர்களின் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால், பாதிப் பேர் சோற்றிலேயே தவறியிருப்பார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 100 கிராம் வெந்த சாதத்தில் சுமார் 130. அரிசி தண்ணீர் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு எடை கூடுவதால் வரும் வித்தியாசம் இது. தட்டில் உள்ள 200 கிராம் சாதத்தை நிறுத்துவிட்டுச் செயலியில் வெறும் 'அரிசி' என்பதைத் தொட்டால் 700 காட்டும், பயந்துபோய் இரவு பட்டினி கிடப்போம். அதையே திருப்பிப் போட்டு, 100 கிராம் அரிசியை அளந்து சாதக் கணக்கில் எழுதினால் 220 கலோரி காணாமல் போகும். அப்புறம், வடித்த சாதமும் குக்கர் சாதமும் ஒரே அளவு தண்ணீரைப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்த வழி, வேகவைக்கும் முன் அரிசியை நிறுப்பது, வெந்தபின் பானையில் மொத்தச் சாதத்தை ஒருமுறை நிறுப்பது. நம் வீட்டுக்கு எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். பிறகு தினமும் நிறுக்கத் தேவையில்லை.

அடுத்தது எண்ணெய். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 தான். சாம்பார் ஒரு கப், பொரியல் ஒரு கப் என்று எழுதிவிடுகிறோம். தாளிப்பில் எவ்வளவு ஊற்றினோம் என்பது சமைத்தவருக்கே தெரியாது, செயலிக்கு எப்படித் தெரியும்? கரண்டிக் கணக்கு வேண்டாம், டின் கணக்கு போடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்கிறது என்றால், ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 23 கிராம், அதாவது 200 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. அதைத் தனி வரியாக எழுதிவிட்டு, பொரியலுக்கு வெறும் காயை மட்டும் எழுதினால் போதும். பண்டிகை மாதத்தில் எகிறும், அந்த மாதம் மட்டும் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். நெய்யும் தேங்காயும் இதில் அடங்காது. அதுவும் சட்னிக்கு அரைத்த தேங்காய் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

காபியை எழுதவே மாட்டார்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். ஆரஞ்சுப் பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 90 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40. நாளுக்கு மூன்று முறை என்றால் நாலு இட்லிக்குக் குறையாது.

இட்லி என்றதும் இன்னொன்று. பயனர்களே பதிவேற்றும் செயலிகளில் ஒரே இட்லிக்கு ஐந்து விதமான எண் இருக்கும், எது குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கக் கை தானாகப் போகும். பெங்களூருவில் 2012-இல் தொடங்கிய ஹெல்திஃபைமி மாதிரி நம் ஊர்ச் சாப்பாட்டை மனதில் வைத்துச் செய்த செயலிகளில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் உங்கள் வீட்டு இட்லித் தட்டின் குழி எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மாவுக்குப் போட்ட அரிசி, உளுந்து எடையை எத்தனை இட்லி வந்ததோ அதால் வகுத்து ஒருமுறை சேமித்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 1992-ஆம் வருடத்து அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் இளைக்க மாட்டேன் என்கிறது என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க வேண்டியதில்லை, கண்ணளவு எல்லோருக்கும் இப்படித்தான். இதனால்தான், நடைப்பயிற்சிக்கு 250 கலோரி என்று செயலி திருப்பிக் கொடுத்தால் அதை ஒரு வடையாக மாற்றிவிடக் கூடாது என்கிறேன்.

விளம்பரத்தோடு ஒப்பிடுவது

'பத்தே நாளில் ஐந்து கிலோ' என்று ஒரு வாட்ஸாப் குழு சொல்கிறது, நம் செயலியோ வாரத்துக்கு அரை கிலோ என்கிறது. மாவுச்சத்தைச் சடாரென்று குறைத்தால் உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் கரையும், அதோடு ஒட்டிய தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்து இறக்கத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும். முன்-பின் படங்களில் இருப்பவர்கள் கடைசிவரை நின்றவர்கள், நடுவில் விட்டவர்களின் படத்தை யார் போடப்போகிறார்கள்? 2005-இல் பாஸ்டனில் 160 பேருக்கு நான்கு பிரபல டயட்டுகளைப் பிரித்துக் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். விட்டுப்போனவர்களையும் சேர்த்துச் சராசரி இறக்கம் 2 முதல் 3.3 கிலோ வரைதான். எந்த டயட் என்பதைவிட எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்பதே எடையைத் தீர்மானித்தது.

காலையில் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் கலக்கிய ஷேக் கொடுக்கும் சென்டர்கள் தனி ரகம். அங்கே கோச் என்று அழைக்கப்படுபவரின் வருமானம் பெரும்பாலும் பவுடர் டப்பா விற்பதிலும், புதிதாக ஆள் சேர்ப்பதிலும் இருக்கிறது. படிப்பு என்ன என்று கேளுங்கள். இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்துப் பதிவு செய்யும் ஆர்.டி. (பதிவு பெற்ற உணவியலாளர்) தகுதி உள்ளவர் என்றால் அது வேறு. அப்படிப்பட்ட உணவியலாளரை மாதம் ஒருமுறை பார்ப்பது பல திட்டங்களைவிட மலிவாகவும் முடியும்.

சந்தாவும் இலவசமும்

'ஏழு நாள் இலவசம்' என்பதை இலவசச் செயலியோடு ஒப்பிடக் கூடாது. நூம் என்ற அமெரிக்கச் செயலி, சோதனைக் காலம் முடிந்ததும் தானாகப் பணம் எடுத்துக்கொண்ட விவகாரத்தில் தொடரப்பட்ட வழக்கை முடிக்க 2022-இல் மொத்தம் 6.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நம்மிடம் ரிசர்வ் வங்கி விதிப்படி பிடித்தம் செய்வதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும், அந்த எஸ்.எம்.எஸ்.ஸை யார் படிக்கிறோம் என்பது வேறு விஷயம். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தா பகுதிக்கும், யூ.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதிக்கும் போய் ரத்து செய்ய வேண்டும்.

இலவசமும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். மைஃபிட்னஸ்பால் 2022-இல் பார்கோடு ஸ்கேன் வசதியைக் கட்டணத்துக்கு மாற்றியது. 2018-இல் அதன் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரம் கசிந்தது. வெறும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதலாம் என்பதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சாப்பாட்டுக் கணக்கே மனதை அரிக்கும் நிலைக்கு ஒருமுறை போய் வந்தவர்கள், இவர்களுக்கு மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாது. சாதத்தைக் குறைத்த வாரமே இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டிவரலாம், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். முதலில் டாக்டரிடம் போங்கள். சேரும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்காத திட்டத்தில் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.