சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஊருக்குப் பக்கத்தில் சுரங்கமோ பெரிய ஆலையோ வருகிறதென்றால் முதல் மனு பெரும்பாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் போகிறது. முதல் பிழையும் அதுதான். வாரியம் தருவது இசைவாணை: நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. 1974 நீர்ச் சட்டமும் 1981 காற்றுச் சட்டமும் அதற்கு அடிப்படை. சுற்றுச்சூழல் அனுமதி வேறு. அது 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி வருவது. தாக்கம் பெரிதான 'ஏ' பிரிவுத் திட்டத்துக்கு ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தரும். 'பி' பிரிவுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் தரும். ஆணையத்தின் பதவிக்காலம் 3 ஆண்டு. அது முடிந்து புதியது அமையாத இடைவெளியில் 'பி' கோப்பும் தில்லிக்குப் போய்விடும். எனவே பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருக்காமல் அனுமதி விண்ணப்பங்கள் பதிவாகும் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் கோப்பு எங்கே இருக்கிறதென்று முதலில் பாருங்கள். வனநிலமும் இருந்தால் 1980 சட்டப்படி இன்னொரு அனுமதி தேவை.

பெரிய இழப்பு நடப்பது கருத்துக்கேட்புக் கூட்டத்தில். அதை வாக்கெடுப்பாக நினைத்து லாரி லாரியாக ஆட்களைத் திரட்டுகிறார்கள். ஆட்சியர் (அல்லது அவர் சார்பில் வரும் அதிகாரி) அங்கே எந்த முடிவும் எடுப்பதில்லை; பேசியதைப் பதிவு செய்து அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. அதனால் கூட்டத்தைப் புறக்கணித்தால் அது செல்லாமல் போகாது, உங்கள் பேச்சு இல்லாமல் நடந்து முடியும்.

"திட்டம் வேண்டாம்" என்பது மட்டும் பதிவானால், நிறுவனம் அதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடும். நிறுவனம் தரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: ஓடை அறிக்கையில் இருக்கிறதா, நிலத்தடி நீர் எந்த மாதத்தில் அளக்கப்பட்டது, எத்தனை கிணறு விடுபட்டது. எழுப்பிய ஒவ்வொரு கவலைக்கும் இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் தந்தாக வேண்டும். அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் மதிப்பீட்டுக் குழு அந்தப் பதிலைத்தான் படிக்கிறது. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் குறைந்தது 30 நாள் இருக்கும். வட்டார மொழிச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் அந்த நாட்களிலேயே பார்க்கலாம், எழுத்திலும் கருத்து அனுப்பலாம்.

பேசி முடித்ததும் கிளம்பிவிடுவது இன்னொரு தவறு. கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. விடுபட்டதை அப்போதே சொல்லிச் சேர்க்க வைக்கலாம். ஆட்சியர் கையெழுத்திட்ட பிறகு சிரமம்.

'பி' பிரிவுக்குள் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லாத 'பி2' என வகைப்படுத்திய திட்டத்துக்குக் கருத்துக்கேட்பே கிடையாது. அங்கே சண்டை வகைப்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. அதற்கு மேல் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். இணையத்தில் ஏறிய நாளிலிருந்து எண்ணுவதே பத்திரம். அதே தீர்ப்பாயத்தில் சொல்லப்படும் 6 மாத அவகாசம் வேறு வகை மனுவுக்கு உரியது. அதை நம்பி மேல்முறையீட்டைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

யாருக்கு எழுதுவது என்ற குழப்பம் காலநிலைக் கோரிக்கைகளிலும் உண்டு. 2014இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பெயரில் 'காலநிலை மாற்றம்' சேர்ந்ததால் எல்லாம் அங்கேதான் என்று தோன்றும். ஆனால் 2008இல் வகுத்த தேசியச் செயல்திட்டத்தின் 8 இயக்கங்கள் பல துறைகளில் சிதறிக் கிடக்கின்றன: சூரிய ஆற்றல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்திடம், எரிசக்தித் திறன் மின்துறையிடம், வேளாண்மை அதற்குரிய அமைச்சகத்திடம். பசுமை இந்தியா இயக்கத்துக்கு வேண்டுமானால் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதலாம்.